எட்டுக் குடம் நல்ல தண்ணீர்

தாராவி,
வெள்ளிக்கிழமை.

மகனே செல்வம்,

"நலம், நலமறிய அவா" என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அதை அடித்திருக்கிறேன், மேலே பார்த்தால் தெரியும். இங்கே யாரும் நலமாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற மனசும் எனக்கு இப்போது இல்லை. உன் மனைவி கனி பொங்கலன்று காலையில் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு தகர டப்பாவுமாக நம் வாசலில் வந்து நின்றாள். இன்றோடு நாலு நாள். செம்பூரிலிருந்து தாராவிக்கு வர உனக்கு நாலு நாள் பத்தவில்லை. அவள் எப்படி வந்தாள் தெரியுமா? பம்பாய்க்கு வந்து ஐந்து மாசம்கூட ஆகாத பெண், ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாத பெண், செம்பூரில் ரயில் ஏறி, குர்லாவில் இறங்கி, பார்த்தவர்களிடமெல்லாம் "சயான், சயான்" என்று நம் ஸ்டேஷன் பேரைக் கேட்டு வண்டி மாறி வந்திருக்கிறாள். அன்றைக்கு அவளுக்குத் தலைப்பொங்கல். நம் தெருவில் வாசலுக்கு வாசல் பானை பொங்கிக்கொண்டிருந்தது, குலவைச் சத்தம் காதை அடைத்தது. அதற்கு நடுவில் என் மருமகள் தலையில் பெட்டியோடு நடந்து வந்ததைப் பார்க்காத கண் இல்லை. "என்ன மதினி, மருமவ மட்டும் வாரா, மவன எங்க?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். பின்னால் வருகிறான் என்று சொன்னேன். இன்னும் பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறாய்.

உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, காப்பி கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. அழவும் இல்லை. டப்பாவின் மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினாள். ஈரத் துணிக்கு நடுவில் ஒரே ஒரு நண்டு. கட்டைவிரல் நகம் அளவு உடம்பு, அதில் பாதிக்கு மேல் ஒரு பெரிய கை. அந்தக் கையை என்னைப் பார்த்து ஒரு தடவை தூக்கி ஆட்டியது. அப்போது அவள் கேட்டாள்: "அத்தை, இதுக்கு என்ன தண்ணி ஊத்தணும்?" அன்றைக்கு அவள் வந்து பேசிய முதல் பேச்சு அதுதான். நான் டப்பாவைக் கையில் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று பின்னால் எழுதுகிறேன். உன் மேல் உள்ள கோபத்தை முதலில் எழுதி முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பேனா ஓடாது.

அங்கே நடந்ததை அவள் சொல்லிக் கேட்டதுதான். இதில் பொய் இருந்தால் நேரில் வந்து சொல். குவார்ட்டர்ஸில் முன்னறையில், உள்ளே நுழைகிற யாருக்கும் முதலில் கண்ணில் படுகிற மாதிரி ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறாய். பாதி சேற்று மேடு, பாதி உப்புத் தண்ணீர். மேட்டில் நண்டு மேயும், தண்ணீரில் கறுப்பு மோலி மீன் நீந்தும். பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் கனி வீட்டை ஒட்டடை அடித்து, பாத்திரம் எல்லாம் விளக்கி, தரை கழுவினாள். பண்டிகைக்கு எல்லாவற்றையும் கழுவுகிறவள் நாறுகிற தொட்டியை மட்டும் எப்படி விடுவாள்? சேற்றை வாரி வெளியே போட்டாள். கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். அடியில் அரித்த மணலைப் பரப்பினாள். காம்பவுண்டுக் குழாயில் விடியற்காலை ஒரு மணி நேரம் வருகிற தண்ணீரை வரிசையில் நின்று பிடித்து, இரண்டு மாடி ஏற்றி, எட்டுக் குடம் ஊற்றி விளிம்பு வரை நிரப்பினாள். அன்று சாயங்காலம் நீ வந்து பார்த்து மெச்சுவாய் என்று நினைத்தாளாம். நீ ஓவர்டைம் முடிந்து வந்து தொட்டிப் பக்கம் திரும்பாமலே படுத்துவிட்டாய். மறுநாள் மீன் மிதந்தது. ஏற ஒரு மேடு இல்லாமல் நண்டுகள் கண்ணாடியைப் பிராண்டிப் பிராண்டி அடியில் போய்ச் சேர்ந்தன. அந்தப் பெண் பயந்துபோய், உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். அன்றும் நீ இருட்டின பிறகு வந்து படுத்துவிட்டாய். அதற்கு அடுத்த நாள் நீ ஆபீஸ் சிநேகிதர்கள் மூன்று பேரைத் தொட்டி காட்டக் கூட்டிவந்தாய்.

என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "பட்டிக்காட்டுக் கழுத, இத்தன உயிரக் கொன்னுட்டு நிக்கா பாரு" என்றாய். அது அவளுக்குப் புரிந்தது. பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "ஜங்லி ஹை யார், க்யா கரூம்" என்று அலுத்துக்கொண்டாய். அவர்கள் சிரித்தார்கள். அது புரியவில்லை, சிரிப்பு மட்டும் புரிந்தது. அதைப் பத்திரமாக மனதில் வைத்துக்கொண்டு வந்து, என்னிடம் கேட்டாள்: "அத்தை, ஜங்லின்னா என்ன?" இருபது வருஷம் பம்பாயில் இருக்கிற நான் அதற்குத் தமிழ் தேட வேண்டியதாகிவிட்டது. காட்டு ஜனம் என்று அர்த்தம் என்றேன். சரி என்று தலையை ஆட்டினாள். கட்டின பெண்டாட்டியைப் பற்றி அவளுக்குத் தெரியாத பாஷையில், அவள் முன்னாலேயே மூன்று பேரோடு சேர்ந்து சிரித்தவன் என் வயிற்றில் பிறந்தவன். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அப்புறம் "உங்க ஊருக்கே போய்ச் சேரு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாயாம். மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பின்னால் தொட்டியிலிருந்து தப்பி ஒளிந்திருந்த இந்த ஒற்றை நண்டை மறுநாள் காலையில் பார்த்திருக்கிறாள். அது சாகக் கூடாது என்றுதான் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தாள். வழியில் எங்கே வேண்டுமானாலும் வீசியிருக்கலாம். வீசவில்லை.

கொன்றவள் என்கிறாயே, அந்தத் தொட்டியைப் பற்றி அவளிடம் ஐந்து மாசத்தில் ஒரு வார்த்தை சொன்னாயா? இது உப்புத் தண்ணீர், இதற்கு மேடு வேண்டும், சேற்றில்தான் அதன் சோறு இருக்கிறது என்று வாயைத் திறந்து சொன்னாயா? ஆபீஸ் சிநேகிதர்களுக்கு நின்று நின்று விளக்குகிறவனுக்கு வீட்டில் இருக்கிறவளுக்குச் சொல்ல நாக்கு எழவில்லை. அவள் எங்கே பிறந்தவள்? தேரிக்காட்டில். செம்மண்ணில் கால் கொப்பளிக்க நடந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து, அதிலும் பாதியை மூடி வைத்துப் பிழைத்த குடும்பம். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் நல்ல தண்ணீரைவிட உயர்ந்த பொருள் கிடையாது. தனக்குக் குளிக்கக்கூட அளந்து ஊற்றிக்கொள்கிறவள், உன் ஆசைக்காக எட்டுக் குடத்தைத் தொட்டியில் ஊற்றினாள். அதற்கு நீ கொடுத்த பேர் ஜங்லி.

உனக்கு மட்டும் பிறக்கும்போதே எல்லாம் தெரிந்திருந்ததா? சீனச் சண்டைக்கு இரண்டு வருஷம் முந்தி, நீ எட்டாவது படித்தபோது, மாகிம் காடியில் கடல் தண்ணீர் உள்வாங்கி வற்றுகிற நேரம் பார்த்து, கழிமுகச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி நாலு நண்டு பிடித்துவந்தாய். நான் சோறு வடிக்கிற அலுமினியச் சட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி அதில் போட்டாய். நண்டென்றால் தண்ணீரில் இருப்பதுதானே என்றாய். மறுநாள் நாலும் மல்லாந்து கிடந்தன. நான் உன்னை ஜங்லி என்று சொன்னேனா? உன் அப்பா ஒரு சொல் சொன்னாரா? ஒர்க்‌ஷாப்பில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த மனுஷர், ஞாயிற்றுக்கிழமை உன்னோடு காடிக்கரையில் போய்க் குத்தவைத்து அந்த நண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்து சொன்னார்: "ஏலே, இது மேட்டுல மேயுத சாதி. தண்ணி அதுக்கு நனையத்தான். இருக்கதுக்கு மண்ணு வேணும்." பழைய இரும்புச் சட்டத்தை அறுத்து, ஜன்னல் கண்ணாடி பதித்து, ஒழுகாமல் தார் பூசித் தொட்டி செய்துகொடுத்தது அவர். பாதி மேடு, பாதி தண்ணீர் என்று அன்றைக்குத்தான் நமக்கெல்லாம் தெரிந்தது. காடித் தண்ணீரையே வாரம் ஒரு தகரம் சுமந்து வந்து மாற்றினாய். அதிலேயே வந்த பொடி மீன்களையும் விட்டு வளர்த்தாய்.

அந்த நாட்களில் நீ எனக்குப் பாடம் எடுப்பாய். ஆண் நண்டுக்குத்தான் அந்தப் பெரிய கை, பெண்ணுக்கு இரண்டும் சின்னக் கை என்பாய். பெண் இரண்டு கையாலும் சேற்றை எடுத்து எடுத்துத் தின்னும். ஆண் அந்தப் பெரிய கையால் ஒரு வாய் தின்னாது, இருக்கிற ஒரு சின்னக் கையால் தின்றுகொண்டு மற்றதை ஊருக்குக் காட்டி ஆட்டிக்கொண்டே இருக்கும். "எதுக்குல ஆட்டுது?" என்று கேட்டால், "நான் பெரிய ஆளுன்னு காட்டுது யம்மா" என்று சொல்லிச் சிரிப்பாய். பெண் நண்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் மேய்ந்துகொண்டிருக்கும், அதற்கும் சிரிப்பாய். இப்போது நீ சிநேகிதர்களுக்கு முன்னால் ஆட்டினாயே, அது என்ன கை? உன் வீட்டில் இரண்டு கையாலும் வேலை செய்கிறவள் யார்?

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை எழுதிவிட்டு இதை எழுதாவிட்டால் நான் உன்னைவிடக் கேடு கெட்டவள்.

அதே வருஷம் கோடையில் நீயும் அப்பாவும் சித்தப்பா கல்யாணத்துக்குப் பூனா போனீர்கள். எனக்கு உடம்புக்கு முடியவில்லை, வீட்டில் இருந்துவிட்டேன். போகும்போது நீ சொன்னாய், "யம்மா, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா பாத்துக்கிட்டாப் போதும்." பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெயிலில் தண்ணீர் கறுத்து நாறியது. பிள்ளை ஆசையாக வளர்க்கிற உயிர் சாக்கடையில் கிடக்கிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. மேடு வேண்டும் என்று தெரியும், அதனால் சேற்றை நான் தொடவில்லை. உப்பும் வேண்டும் என்பது என் மண்டைக்கு ஏறவில்லை. காடித் தண்ணீர் உப்பாக இருப்பதே அழுக்கினால்தான் என்று நினைத்திருந்தேன். அப்போது நம் தெருவுக்கெல்லாம் ஒரே குழாய். கடைசியில் நூலாக வருகிற தண்ணீருக்குத் தெருக்கோடி வீட்டுக்காரியோடு மயிரைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டை போட்டு மூன்று குடம் பிடித்தேன். ஒன்றரைக் குடம் சமையலுக்கு வைத்தேன். ஒன்றரைக் குடத்தைத் தொட்டியில் ஊற்றினேன். அதில் மருந்து வாடை அடித்ததுகூடச் சுத்தம் என்றுதான் பட்டது. நீங்கள் திரும்பி வந்தபோது ஒன்றும் உயிரோடு இல்லை.

நீ விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாய். "யப்பா, தண்ணி கரிக்கவே இல்ல. யாரோ மாத்திருக்காவ" என்றாய். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் தொடவே இல்லை என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இந்த ஒன்பது வருஷமாக யோசிக்கிறேன். பயம்தான். சண்டை போட்டுப் பிடித்த தண்ணீரை நண்டுக்கு ஊற்றினேன் என்று சொன்னால் தெருவே சிரிக்கும், அவரும் சிரிப்பார், நீ என் முகத்தில் முழிக்க மாட்டாய் என்று பயந்தேன். அவருக்கு என் பேச்சில் சந்தேகமே வரவில்லை. "இந்தத் தாராவில நல்ல தண்ணியக் கொண்டுபோயி நண்டுக்கு ஊத்துத கிறுக்கி எவல இருக்கா? பாத்துக்க மாட்டாம சாவடிச்சிட்டு, பெத்தவ மேல பழியாப் போடுத?" என்று இடுப்பு பெல்ட்டைக் கழற்றினார். நண்டு செத்ததற்கு அவர் உன்னை அடிக்கவில்லை. பொய் சொன்னாய் என்று அடித்தார். பொய் சொன்னவள் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்த்து "யம்மா, நீ சொல்லேன்" என்றாய். இரண்டு தடவை சொன்னாய். உன் முதுகில் தடித்திருந்த இடத்துக்கு நான்தான் தேங்காயெண்ணெய் தடவினேன். அப்போதும் சொல்லவில்லை.

நீ அடுத்த மாதமே திரும்பத் தொட்டியை ஆரம்பித்துவிட்டாய். நான் ஒன்று கேட்கிறேன், உண்மையாகப் பதில் சொல். நான்தான் என்று உனக்கு அன்றைக்கே தெரியும், இல்லையா? தெரிந்துதான் அதற்குப் பிறகு தொட்டிப் பக்கம் என்னை விடாமல், பாடம் எடுப்பதையும் நிறுத்திவிட்டாய். தொட்டியைப் பற்றி வீட்டுப் பெண்களிடம் பேசாமல் இருக்கிற பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்ததென்றால் அந்தப் பாவம் என்னுடையது. ஆனால் கேள், அன்றைக்கு அடி வாங்கினவன் நீ. நல்லது என்று நினைத்துச் செய்த தப்பைப் புரிந்துகொள்ள இந்த உலகத்தில் உன்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. நீயே பெல்ட்டைக் கையில் எடுத்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? பெல்ட் இல்லை, வெறும் வார்த்தைதான் என்று சொல்லாதே. அவள் முதுகில் எண்ணெய் தடவ இடமில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கனி டப்பாவை நீட்டி என்ன தண்ணீர் என்று கேட்டபோது நான் ஏன் அதைக் கையில் வாங்கவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றரைக் குடம், கோடி வீட்டுக்காரி, வெங்காயம், ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "இம்புட்டும் தெரிஞ்சிருந்தும் ஏன் அத்தை எங்கிட்ட முன்னாலயே சொல்லல?" என்றாள். உன் வீட்டுக்கு அவளைக் கொண்டுவந்து விட்ட அன்று நானும் அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் நின்றேன். தண்ணீரை மாற்றாதே தாயி என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொன்னால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாளே என்று மென்று விழுங்கிவிட்டேன். அவள் எழுந்து போய்ப் பொங்கலுக்கு வாங்கி மிச்சம் இருந்த மண்சட்டியைக் கழுவினாள். காடிக்கு நாங்கள் இரண்டு பேரும் போய்ச் சேறும் தண்ணீரும் எடுத்துவந்தோம். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் தண்ணீர். இப்போது அந்த நண்டு என் அடுப்படி ஓரத்தில் மேய்கிறது.

அன்று சாயங்காலம் உன் அப்பாவிடமும் சொன்னேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "ஒம்பது வருசமா?" என்றார். பிறகு, "பொய் சொல்லுதான்னுல்லா அவன அடிச்சேன்" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. நாலு நாளாகக் கனி பரிமாறினால்தான் சாப்பிடுகிறார். அது எனக்கு வேண்டியதுதான். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட வேண்டாம், நானே கொண்டுபோகிறேன் என்று மட்டும் சொன்னார். நாளைக்கு அவர் உன் வாசலில் வந்து நிற்பார். உன்னிடம் அவருக்கு ஏதோ சொல்ல இருக்கிறது. மன்னிப்புக் கேட்டுப் பழகாத மனுஷர், தடுமாறுவார். சிரிக்காதே.

கனியின் அண்ணன், குர்லாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர், பொங்கலன்று தங்கைக்குப் பொங்கல்படிச் சீர் கொண்டுவந்து, நீ எங்கே போயிருந்தாயோ, செம்பூரில் உன் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு இங்கே வந்தார். கரும்பும் வெண்கலப் பானையும் மஞ்சள் குலையும் நம் சுவரில் சாய்ந்து வாடிக்கொண்டிருக்கின்றன. அவர் சத்தம் போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "நான் சண்டைக்கு வரல அத்தை. தங்கச்சிய ஊர்ல கொண்டு விட்டுட்டு வாரேன். அவரு எப்ப மனுசனா வாராரோ அப்ப வரட்டும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெட்ராஸ் வண்டிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கனியைக் கேட்டேன். "அவிய வந்து கூப்பிட்டா யோசிப்பேன். வரலன்னா போயிருதேன்" என்றாள். யோசிப்பேன் என்றுதான் சொன்னாள், வருவேன் என்று சொல்லவில்லை. அதைக் காதில் நன்றாக வாங்கிக்கொள். அவளைப் பிடித்து வைக்க நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

ஆகையால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காடியில் தண்ணீர் வற்றும். பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி, ஒரு வாளி உப்புத் தண்ணீரும் ஒரு கூடைச் சேறும் எடுத்துக்கொண்டு வா. சட்டியில் தண்ணீர் மாற்ற வேண்டிய நாள் அது. பின்சந்து வழியாகப் பதுங்கி வராதே. அவள் பெட்டியோடு வந்த அதே தெரு வழியாக, எல்லாரும் பார்க்கச் சேற்றுக் காலோடு வா. சிநேகிதர்கள் முன்னால் சொன்னாயே, அதே மாதிரி தெருவார் முன்னால் அவளிடம் உன் தப்பைச் சொல். அவளுக்குப் புரிகிற பாஷையில் சொல். சட்டிக்கு முன்னால் அவளோடு உட்கார்ந்து, எவ்வளவு உப்பு, எவ்வளவு மேடு, மீனுக்கு எவ்வளவு ஆழம் என்று எனக்குப் பாடம் எடுத்த மாதிரி அவளுக்கும் சொல்லிக்கொடு. அதற்கப்புறம் அவள் வருவதும் போவதும் அவள் இஷ்டம்.

வரவில்லை என்றால், வண்டிக்குப் போகிற வழியில் அவளும் நானும் காடிக்கரையில் இறங்கி அந்த நண்டை விட்டுவிடுவோம். பிறகு நானே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை போவேன். எதிர்வீட்டுக்காரி மவன் எங்கே என்று கேட்பாள். இந்தத் தடவை உள்ளதைச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
நீ இரண்டு தடவை கேட்டும் அன்றைக்கு வாயைத் திறக்காத
உன் அம்மா.